பத்திநாதன் பின்னால் போட்ட பந்து

சவூதியின் ஜுபைலில், தொழிலாளர்கள் தங்கும் மூன்றாம் கேம்ப்பின் வாலிபால் டீமுக்கு யார் செட்டர் என்று கேட்டால், 1999-லிருந்து 2008 வரை எந்த வருஷத்தில் கேட்டாலும் சுற்றிவளைத்துக் கடைசியில் ஒரே பெயரில்தான் வந்து நிற்பார்கள்: பத்திநாதன். ஆனால் ஒருவரும் அந்தப் பெயரைப் பெருமையாகச் சொன்னதில்லை. "வேற ஆளு யாரு இருக்கா, பத்தி அண்ணன்தான்" என்று இழுப்பார்கள். ஒரே டீமுக்கு இத்தனை வருஷம் உழைத்த மனிதரைப் பற்றி இதைவிடச் சலிப்பாகப் பேச முடியாது.

வாலிபால் அறியாதவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. எதிராளி அனுப்பும் பந்தை ஒருவர் எடுப்பார். எடுத்த பந்து செட்டரிடம் போகும். செட்டர் அதை விரல்நுனியில் வாங்கி, வலையோரம் நிற்கிறவர்களில் ஒருவருக்குத் தூக்கிக் கொடுப்பார். அவர் எகிறி அடிப்பார். கைதட்டல் அடித்தவருக்கு, அடி தவறினால் திட்டு செட்டருக்கு. இடது பக்கமா வலது பக்கமா, யாருக்குக் கொடுப்பது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்கிறவர் செட்டர் என்பதால், அவரைத்தான் டீமின் மூளை என்பார்கள். மூன்றாம் கேம்ப்பின் மூளை சுமார்தான். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பத்திநாதன் வேம்பார்க்காரர். கடற்கரையில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாமல், தூத்துக்குடியில் சாரம் கட்டப் பழகி, அந்த வேலையிலேயே விசா எடுத்து ஜுபைலுக்கு வந்தவர். பெட்ரோகெமிக்கல் ஆலையில் எந்த பைப்பைக் கழற்றுவதென்றாலும் முதலில் அங்கே சாரம் எழும்ப வேண்டும். இரும்புக் குழாயைத் தோளில் ஏற்றி, கிளாம்ப் மாட்டி, ஸ்பானரால் முறுக்கி முறுக்கி அவருடைய விரல்களெல்லாம் காய்த்துப்போயிருந்தன. அந்த விரல்களில் வந்து விழுகிற பந்து சத்தமில்லாமல் போகாது. 'டொக்' என்று கேட்கும். போகும்போது சுழன்றுகொண்டே போகும். நடுவர் கொஞ்சம் கறாரான ஆளாக இருந்தால், பந்தை இரண்டு தடவை தொட்டுவிட்டாய் என்று விசில் ஊதிவிடுவார்.

அவர் செட்டர் ஆனதே ஒரு தற்செயல். கேம்ப்புக்குப் பின்னால் இருந்த காலி மணல்வெளியில் கோர்ட் போடலாம் என்று பையன்கள் முடிவு செய்தபோது, வலை கட்டக் கம்பம் இல்லை. சாரம் கட்டுகிறவரைக் கூப்பிட்டார்கள். பத்திநாதன் கழித்துப் போட்ட குழாய்கள் இரண்டைக் கேட்டு வாங்கி வந்து, குழி தோண்டி, மட்டம் பார்த்து நட்டு, ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினார். ஜுபைலில் எத்தனையோ மணல்காற்று அடித்தும் அந்தக் கம்பங்கள் அசைந்ததில்லை. கட்டி முடித்து நின்றவரிடம், "அஞ்சு பேருதான்ண்ணே இருக்கோம், நடுவுல சும்மா நில்லுங்க" என்றார்கள். நின்றார். அன்றிலிருந்து நின்றுகொண்டே இருந்தார்.

வலை கட்ட ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அவரை வைத்திருக்கிறார்கள் என்று எதிர் டீம்காரர்கள் கேலி பேசுவார்கள். கேலியில் பாதி உண்மை. வெள்ளிக்கிழமை மதியம் மற்றவர்கள் பிரியாணி தின்ற மயக்கத்தில் கட்டிலில் கிடக்கும்போது, பத்திநாதன் கோர்ட்டில் தண்ணீர் தெளித்து, கோடு போட்டு, வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார். இதையெல்லாம் செய்கிற மனிதரைப் பார்த்து, நீ சரியில்லை, வெளியே உட்கார் என்று எப்படிச் சொல்வது?

ஆட்டத்தில் அவரிடம் ஒரே ஒரு பந்துதான் இருந்தது. யார் எப்படி எடுத்துக் கொடுத்தாலும் இடது மூலைக்கு உயரமாக ஒரு பந்து போடுவார். அவ்வளவுதான். அது இறங்கி வருவதற்குள் ஒரு சாயா குடித்துவிடலாம் என்பார்கள். எதிராளிகளுக்கும் அது தெரியும். இரண்டு பேர் சாவகாசமாக நடந்துபோய் இடது மூலையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் ஒன்று. எத்தனை தடவை போட்டாலும் அந்தப் பந்து அதே இடத்துக்கு, அதே உயரத்துக்குப் போகும். அரைத்த மாவையே அரைத்தாலும் ஒரே பதமாக அரைப்பார்.

செட்டர் என்றால் முதுகுக்குப் பின்னாலும் பந்து போடத் தெரிந்திருக்க வேண்டும். இடது பக்கம் பார்த்தபடி நின்று, எதிராளியை ஏமாற்றி, தலைக்கு மேலாக வலது மூலைக்குத் தள்ளிவிடுவது. பத்திநாதன் ஒரு தடவை செய்து பார்த்தார். 2001-ல் ஒரு லீக் ஆட்டம். பந்து வலது மூலையையும் தாண்டி, கோட்டையும் தாண்டி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தண்ணீர்க் கேன் மேல் போய் விழுந்தது. "பத்தி அண்ணன் வேம்பாருக்கே பார்சல் அனுப்பிட்டாருடோய்" என்று எவனோ கத்த, நடுவர் முதல் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்புறம் அந்தப் பந்தை அவர் போடவே இல்லை. வலது பக்கம் காலியாகக் கிடப்பது அவருடைய கண்ணுக்குத் தெரியும். பல ஆட்டங்களில் தெரிந்தது. கை எழும்பாது.

நல்ல செட்டர்கள் வராமல் இல்லை. 2002-ல் மார்த்தாண்டத்திலிருந்து பிரைட் என்று ஒரு டெக்னீஷியன் வந்தான். யுனிவர்சிட்டிக்கு ஆடியவன். அவன் கையில் பந்து எங்கே போகிறது என்று சொந்த டீமுக்கே தெரியாது. அடுத்த சீசனில் மூன்றாம் கேம்ப் முதல்முறையாக பைனலுக்குப் போனது. பத்திநாதன் கோட்டுக்கு வெளியே துண்டும் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தார். டீம் தோற்றது. பிரைட் கத்தாரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை பத்திநாதன் எழுந்து உள்ளே போய் நடுவில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

பிறகு பழனிச்சாமி வந்தார். பொள்ளாச்சிக்காரர், மென்மையான விரல்கள். ஒரு சீசன் முழுக்க ஆடினார். அடுத்த வருஷம் அவரை நைட் டியூட்டிக்கு மாற்றிவிட்டார்கள். பகல் பூராவும் தூங்குகிற மனிதர் எப்போது ஆடுவார்? வளைகுடாவில் டீம் என்பது இப்படித்தான். ஒருவனுக்கு விசா முடியும், ஒருவன் லீவில் போவான், ஒருவன் விசா கொடுத்த கபீலோடு சண்டை போட்டுக்கொண்டு எக்சிட்டில் ஒரேயடியாக ஊருக்குப் போவான். எல்லோரும் வந்து வந்து போனார்கள். பத்திநாதன் மட்டும் போகவில்லை.

போகாமல் இருந்ததற்கு அவர் கொடுத்த விலையை டீமில் யாரும் அறியமாட்டார்கள். ஜுபைலில் டோர்னமெண்ட் நடப்பது குளிர்காலத்தில். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை இழுக்கும். அதனால் அவர் எப்போதும் கோடையில்தான் லீவு எடுத்தார். மனைவி ஜெபகனி ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போய் வந்தாள். போனில் ஒளிவுமறைவில்லாமல் கேட்டுவிடுவாள்.

"ஊரு பூரா ஆம்பளைய லீவு போட்டு வந்துருக்காவ. நீங்க மட்டும் பந்து வெளாடணும்னு அங்க கெடக்கிய. சரி, செயிச்சீயளா?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்கு?"

சவூதியின் மறுகரையில், யான்புவில் ஒரு புது புராஜெக்டில் ஃபோர்மேன் வேலை தேடிவந்தபோதும், இங்கே பழகிவிட்டது என்று சொல்லித் தட்டிக்கழித்தார். அதைக் கேட்டு ஜெபகனி இரண்டு வெள்ளிக்கிழமை போனை எடுக்கவே இல்லை. மூன்றாவது வாரம் எடுத்து, வேறெதுவும் பேசாமல், "செயிச்சீயளா?" என்றாள். கோபமிருந்தாலும் அதைக் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை. அவருக்கு மனது நிறைந்துபோனது. அன்றைக்கும் தோல்விதான்.

அவர் எதற்காக நின்றார் என்றால், ஒரு பைனல் ஆடிவிட வேண்டும் என்பதற்காக. கோப்பைகூட வேண்டாம். கோட்டுக்கு உள்ளே நின்று, பைனலில் பந்தைத் தன் கையால் தூக்கிக் கொடுக்க வேண்டும். இதை அவர் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சுமாரான ஆட்டக்காரன் இப்படி ஆசைப்படுவதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

2008 ஜனவரியில் கம்பெனி அவர் கையில் எக்சிட் அறிவிப்பைக் கொடுத்தது. புராஜெக்ட் முடிந்துவிட்டது, பிப்ரவரிக் கடைசியில் கிளம்ப வேண்டும். கலாஸ், எல்லாம் முடிந்தது. அந்தச் சீசனில்தான் யாரும் எதிர்பாராமல் டீம் வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்தது. அதற்குக் காரணம் அன்பரசன். அரியலூர்க்காரன், கிரேனில் சுமை கட்டிவிடும் ரிக்கர், நல்ல உயரம். இடது மூலையில் பத்திநாதனின் அந்த உயரப் பந்துக்காகக் காத்திருந்து, எதிராளிகளின் கைக்கு மேலாகவே அடித்துவிடுவான். அரையிறுதியில் எதிர் டீமில் பாதிப் பேருக்கு, ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் டியூட்டி விழுந்து, ஆளில்லாமல் ஆடித் தோற்றார்கள். இப்படியாக மூன்றாம் கேம்ப் பைனலுக்கு வந்துவிட்டது. எதிரே ஏழாம் கேம்ப். பெரும்பாலும் மலையாளிகள், நான்கு வருஷமாகக் கோப்பையைக் கையைவிட்டு இறக்காதவர்கள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேப்டன் விஜயபாஸ்கர் மெஸ்ஸில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தான். புதுக்கோட்டைக்காரன், கேம்ப்பில் ஆட்களின் வேலை நேரத்தைக் குறிக்கிற டைம் கீப்பர். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவன் தொடவில்லை.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. பைனலுக்கு ஒரு கெஸ்ட் பிளேயர் எறக்கிக்கலாம்னு ரூல் இருக்குல்ல. பக்கத்து ஊரு தம்மாம்ல ஒரு செட்டர் இருக்காப்ல. பேசிட்டேன்."

வெளியாள் ஒருவரைக் கடைசி ஆட்டத்துக்கு அழைத்துக்கொள்வது ஜுபைல் டோர்னமெண்டுகளில் வழக்கம்தான். எல்லா டீமும் செய்யும். பத்திநாதன் ரொட்டியைப் பிய்த்தபடியே இருந்தார்.

"நல்ல ஆளா?"

"ரொம்ப நல்ல ஆளுண்ணே."

"அப்பம் கூப்புடு. செயிக்கணும்லா."

விஜயபாஸ்கர் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தான். பத்திநாதன் கை கழுவிவிட்டு ரூமுக்குப் போய் மேல்கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவருக்கு அழுகை வரவில்லை. மறுநாள் மதியம் வழக்கம்போல வலை கட்டப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து ஆட்டம் ஆரம்பித்தது. மூன்று செட் ஆட்டம், இரண்டு எடுத்தவருக்குக் கோப்பை. தம்மாம் செட்டர் வெள்ளை ஷூவும் விரலில் பிளாஸ்திரியுமாக வந்து இறங்கினார். குறை சொல்ல முடியாத கை. பந்து அவர் விரலில் பட்டதே தெரியாது, சத்தமில்லாமல் வலைக்கு மேல் விர்ரென்று பறக்கும். அங்கேதான் வினை வந்தது. அன்பரசனுக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. பத்திநாதனின் பந்து மேலே போய், நின்று, இறங்குகிற வரைக்கும் மூன்று எட்டு வைத்து ஓடிப் பழகிய கால்கள் அவை. இவன் ஓடத் தொடங்குவதற்குள் பந்து தாண்டிப் போய்விடும். பல தடவை காற்றை அடித்தான். முதல் செட் போயிற்று. இரண்டாவது செட்டும் அதே கதையாகத் தொடங்கியது.

விஜயபாஸ்கர் கையைப் பிசைந்துகொண்டு டைம் அவுட் கேட்டான். அன்பரசன் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"பாஸு, அவுரு மேல ஒண்ணும் தப்பு கெடயாது. எனக்குத்தான் வரல. பத்தி அண்ணன உள்ள உடுங்க."

"அவரு பந்து அவனுங்களுக்கெல்லாம் தெரியும்டா."

"எனக்கும் அது ஒண்ணுதான் தெரியும்."

தம்மாம்காரர் மலையாளி, நல்ல மனிதர். தானாகவே வெளியே வந்து, பத்திநாதனின் தோளைத் தட்டி, "போங்க சேட்டா" என்றார். பத்திநாதன் மடியில் இருந்த துண்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். பிறகு அதைத் தம்மாம்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார். கோட்டைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்ளக் கை எழுந்தது, சவூதியில் அதை வெளியில் செய்யக்கூடாது என்று ஞாபகம் வந்து நெற்றியைச் சொறிந்துகொண்டார்.

பிறகு நடந்தது அழகான ஆட்டமில்லை. டொக், இடது மூலை, அன்பரசன். டொக், இடது மூலை, அன்பரசன். ஏழாம் கேம்ப்காரர்கள் இரண்டு பேர் தடுத்தார்கள். அன்பரசன் அவர்கள் விரல்மேலேயே அடித்து வெளியே தள்ளினான். செட் முடியும்போது இரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தது மூன்றாம் கேம்ப். ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்தான் முடிவு.

அதற்குள் சூரியன் இறங்கி, மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். சவூதியில் அந்த நேரத்தில் கடை, வங்கி, எல்லாம் நிற்கும். பைனலும் நின்றது. தொழுகிறவர்கள் குழாயடிக்குப் போய் முகம் கைகால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்கள். மூன்றாம் கேம்ப் டீமில் தொழப் போனவன் சுஐபு. ராமநாதபுரம் பக்கத்துப் பையன், எலெக்ட்ரீஷியன். ஆறு வருஷமாக டீமின் வலது மூலையில் ஆடுகிறவன். ஆடுகிறவன் என்பதைவிட நிற்கிறவன் என்று சொல்லலாம். பத்திநாதன் ஆடுகிற டீமில் வலது மூலைக்குப் பந்து வராது. அதனால் சுஐபு தனக்கென்று ஒரு வேலையை ஏற்படுத்திக்கொண்டிருந்தான். பந்து பத்திநாதன் கையைவிட்டுப் போன உடனே இவன் குறுக்கே இடது பக்கம் ஓடுவான். அன்பரசன் அடித்தது எதிராளி கையில் பட்டுத் திரும்பினால் எடுப்பதற்காக. அதைப் பிரமாதமாகச் செய்வான். அந்தச் சீசனில் டீமைப் பாதி காப்பாற்றியது அவன் ஓட்டம்தான்.

பத்திநாதன் தான் நட்ட கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். தூரத்தில் ஆலையின் கழிவு வாயு ஃபிளேர் கோபுர உச்சியில் எரிந்துகொண்டிருந்தது. விளக்குப் போட்டார்கள். எதிர்ப்பக்கம் ஏழாம் கேம்ப் கேப்டன் தன் ஆட்களைக் கூட்டிவைத்து இடது மூலையைக் கைகாட்டி என்னவோ சொன்னான். மூன்று விரலைக் காட்டினான். இனி மூன்று பேர் தடுப்பார்கள் என்று பத்திநாதனுக்குப் புரிந்தது. மூன்று பேரும் அங்கே போனால் வலது பக்கம் ஈ காக்கை இருக்காது. பின்னால் ஒரு பந்து போட்டால் போதும். சுஐபு தொட்டாலே பாயிண்ட்.

சுஐபு வந்ததும் அவன் காதில் ஒரு வார்த்தை போட்டுவைக்க வேண்டும் என்று நினைத்தார். 'ஓடாத, அங்கயே நில்லு, ஒரு பந்து தாரேன்.' அவ்வளவுதான். மனதுக்குள் அதைச் சொல்லியும் பார்த்துக்கொண்டார். தொழுகை முடிந்து சுஐபு வந்தான். ஷூவை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே வந்து நின்று, "ரெடியாண்ணே?" என்று கேட்டான்.

"ம்" என்றார் பத்திநாதன்.

விசில் ஊதிவிட்டது.

மூன்றாவது செட்டில் ஏழாம் கேம்ப்காரர்கள் பேசிவைத்ததையே செய்தார்கள். மூன்று பேர் இடது மூலையில். அன்பரசன் களைத்துப்போனான். அடித்தது திரும்பும், சுஐபு ஓடிப்போய் எடுப்பான், மறுபடி டொக், மறுபடி இடது மூலை. ஒவ்வொரு தடவையும் பத்திநாதனின் கண் வலது பக்கம் போய்வந்தது. ஒவ்வொரு தடவையும் கை பழைய வழியிலேயே போனது. பதினைந்து எடுத்தால் ஆட்டம். இவர்கள் பதின்மூன்று, அவர்கள் பதினான்கு.

ஏழாம் கேம்ப் சர்வீஸ் போட்டது. விஜயபாஸ்கர் அருமையாக எடுத்தான். பந்து பத்திநாதன் தலைக்கு மேலே, வைத்த இடத்தில் வைத்ததுபோல வந்து இறங்கியது. அதைவிட நல்ல பந்து அவர் ஆயுசில் அவருக்கு வந்ததில்லை. இடது மூலையில் அன்பரசன் ஓடத் தொடங்கிவிட்டான். எதிரே மூன்று பேரும் அவன் முன்னால் போய்விட்டார்கள். பத்திநாதன் இடுப்பை வளைத்தார். பின்னால் போட்டார்.

சத்தம் வரவில்லை. அதை அவரே கவனித்தார். பந்து சுழலாமல், அளவான உயரத்தில் வலது மூலைக்குப் போய் இறங்கியது. ஏழாம் கேம்ப்பில் ஒருவன்கூட அந்தப் பக்கம் இல்லை. மூன்றாம் கேம்ப்பிலும் இல்லை. சுஐபு வழக்கம்போல இடது பக்கம் ஓடிப்போய், அன்பரசனுக்குப் பின்னால் குனிந்து கையை நீட்டிக்கொண்டு நின்றான். பந்து மூன்றாம் கேம்ப் பக்கத்து மணலிலேயே விழுந்து அதிகம் எழும்பாமல் உருண்டது. கொஞ்ச நேரம் யாருக்குமே என்ன நடந்தது என்று விளங்கவில்லை. பிறகு, பதினைந்தாவது பாயிண்ட் கிடைத்த ஏழாம் கேம்ப் பக்கம் சத்தம் கிளம்பியது.

"எங்கடா போன?" விஜயபாஸ்கர் சுஐபின் மேல் பாய்ந்தான். "அப்படி ஒரு பந்து போட்டுருக்காரு, எங்கடா போன நீ? நாலு வருசமா அவனுங்ககிட்ட இருக்குற கப்புடா, கோட்டை விட்டுட்டியேடா." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுஐபின் முகத்தில் ஈயாடவில்லை. கம்பத்தடியில் போய் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

பத்திநாதனிடம் ஒருவரும் கோபப்படவில்லை. டீம் தோற்று அவருக்குத் திட்டு விழாத முதல் நாள் அது. ஏழாம் கேம்ப் கேப்டன் வலைக்குக் கீழே குனிந்து வந்து கையைக் குலுக்கினான். "சேட்டா, அந்தப் பந்து... நாங்க மூணு பேரும் ஏமாந்துபோச்சு" என்றான். தம்மாம்காரர் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இத்தனை நாள் இந்தப் பந்தை எங்கே வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். கேட்கக் கேட்க அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்றால் பொய். எத்தனை வருஷம் எதிர்பார்த்த பேச்சு. இன்னும் ஒரு வாரத்தில் ஊருக்குப் போகிறவர், இதை இப்படியே எடுத்துக்கொண்டு விமானம் ஏறியிருக்கலாம். ஜுபைலில் பத்திநாதன் என்றால் கடைசியாகப் போட்ட அந்தப் பந்து என்று பேச்சு நின்றிருக்கும்.

அவர் கம்பத்தடிக்குப் போனார். சுஐபு நிமிரவில்லை.

"நீங்க தருவீங்கன்னு எனக்குத் தெரியாதுண்ணே" என்றான்.

"எப்படித் தெரியும்?" என்ற பத்திநாதன், விஜயபாஸ்கர் இருந்த பக்கம் திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினார். "ஏ, அவன ஏசாதிய. ஆறு வருசமா அந்த மூலையிலதான் நிக்கான். ஒரு பந்து நான் குடுத்திருக்கனா? ஓடப் பழக்குனது நான். இன்னைக்கி அவன் ஓடிட்டான்னா அது யாரு தப்பு?"

"அதுக்கில்லண்ணே, பந்து நல்ல பந்துல்ல" என்றான் விஜயபாஸ்கர்.

"நல்ல பந்துதான். ஆளு இல்லாத எடத்துக்குப் போட்டா அது என்ன பந்து?" பத்திநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. "பாங்கு சொன்ன நேரத்துல இருந்தே இவன்ட்ட சொல்லணும்னு இருந்தேன். பக்கத்துல வந்து ரெடியான்னும் கேட்டான். வாயத் தொறக்கல. சொல்லிட்டா குடுக்கணும்லா. எங்கயாவது போயி விழுந்து, திரும்பவும் சிரிப்பியன்னு பயந்துட்டேன். அதான் சொல்லல."

அன்பரசன் வந்து சுஐபின் பக்கத்தில் உட்கார்ந்தான். சற்றுப் பொறுத்து விஜயபாஸ்கரும் வந்தான். பத்திநாதன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வலையைத் தளர்த்தப் போனார். மறுமுனையை அவிழ்க்க, கேட்காமலேயே சுஐபு எழுந்து போனான்.

ரூமுக்கு வந்து குளித்துவிட்டு போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் போட்டார். ஜெபகனி முதல் மணியிலேயே எடுத்தாள். பைனல் என்று அவளுக்குத் தெரியும். வெளியே உட்கார வைத்துவிட்டார்கள் என்பதையும் காலையிலேயே சொல்லியிருந்தார்.

"செயிச்சாவளா?"

"இல்ல. தோத்தாச்சு."

"போவட்டும். அந்தத் தம்மாம்காரன் விட்டுட்டானா?"

"இல்ல. நான் வெளாண்டேன்."

"உள்ள விட்டாவளா?" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது.

"விட்டாவ. கடைசிப் பந்து நான்தான் போட்டேன். பின்னால போட்டேன்."

அவளுக்கு வாலிபால் தெரியாது. ஆனால் இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு, அவருக்குப் பின்னால் போட வராது என்பது தெரியும்.

"வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு ஜெபகனி. அங்க ஆளுதான் இல்ல."

"அந்த சுஐபு எங்க போனான்?"

"நான் எப்பவும் போடுற எடத்துக்குப் போயிட்டான்."

கார்டில் காசு கரைந்துகொண்டிருந்தது. அது தீருவதற்குள் ஜெபகனி சொன்னாள்.

"இந்தக் கிறிஸ்மஸுக்கு நானும் பிள்ளையளும் கோயில்ல எப்பவும் நிக்கிற எடத்துலதான் நிப்போம். தேடி அலையாண்டாம். வந்து சேருங்க."

"சரி" என்றார் பத்திநாதன்.